திருவாதிரை மீன்

சைவ மக்களுக்கு ஆதிரை என்னுஞ் சொல் செவிப்பட்ட அளவிலே தில்லைச் சிற்றம்பலமும், மார்கழி வைகறையும், திருவெம்பாவை ஓதும் ஒலியும், களி நிவேதனமும் ஒருங்கே நினைவிற்கு வரும். அந்நாளின் பெருமை பலரானும் பலகாலும் பேசப்பட்டுள்ளது. ஆயினும், அந்நாளுக்குப் பெயர் ஈந்த மீன் விசும்பில் எங்குளது, எத்தன்மைத்து என வினவுவார்க்கு விடை கூற வல்லார் மிகச் சிலரே. பஞ்சாங்கத்தைக் கண்டு நாளறிவதே நம்மவர்க்குப் போதியதாயிற்று. வானை நோக்கும் வழக்கம் கைநழுவிற்று. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மீன் ஒளி மழுங்கத் தொடங்கியபோது, அது வெடித்து அழியப்போகின்றது என்னும் பேச்சு உலகெங்கும் பரவிற்று. இறைவன் திருநாளுக்குரிய மீன் அழியுமோ, அழியின் அந்நாள் என்னாம் என்னும் ஐயம் எழுதற்கு அஃது இடந்தந்தது. ஆகலின், அம்மீனைப் பற்றி நூல்கள் கூறுவனவற்றையும், வான நூலார் கண்டனவற்றையும் ஒருசேர வைத்து ஆராய்தல் இன்றியமையாததாகின்றது.

மார்கழித் திங்களில் ஞாயிறு மறைந்து இருள் படர்ந்தபின் கீழ்வானை நோக்குவார்க்கு மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நெருங்கி, மேலுங் கீழுமாக எழுதல் புலப்படும். அவற்றிற்கு இடப்பக்கத்தே, அஃதாவது வடபால், செம்பொன் நிறத்ததாய்த் தனித்து ஒளிரும் பெருமீனே ஆதிரை. வலப்பக்கத்தே வெண்ணீல ஒளியுடன் திகழ்வது ரீஜல் என்பது. மேலைநாட்டார் இவையனைத்தையும் கூட்டி ஒரையன் என்னும் வேட்டுவன் உருவாகக் கண்டனர். அவ்வுருவின் ஒரு தோளில் நிற்பது நம் ஆதிரை. அவர் அதனைப் பிடல்கியூஸ் என வழங்குவர். மார்கழியில் இம்மீன் மாலையில் எழுந்து, நள்ளிரவை ஒட்டி உச்சியெய்தி, விடியற்காலையில் மேல்வானிற் சாயும். சிதம்பரம் நிலவுலகின் நடுவரைக்கு வடக்கே 11 பாகை 24 கலையில் உள்ளது; ஆதிரை வான நடுவரைக்கு வடக்கே 7 பாகை 24 கலையில் உள்ளது. ஆகவே தில்லையில் நின்று காண்பார்க்கு அம்மீன் உச்சிக்கு நான்கு பாகையே தெற்கே விலகிச் செல்லும். ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே எனலாம்.

இனிப் பெயரை நோக்குவாம். ஆர்த்திரை என்னும் வடசொற்கு ஈரமுடையது என்பது பொருள். ஞாயிறு ஆதிரைப் பகுதியிற் புகுவது ஆனித் திங்களில், சூன் 22-ஆம் நாளை ஒட்டி ஆகும். அதனை ஆருத்திரா பிரவேசம் எனக் கொண்டு மழைவளம் கணிக்கும் வழக்கு இந்நாளும் சோதிட நூலார்பால் உண்டு. தைத்திரீய சங்கிதை நாண்மீன்களையும் அவற்றின் அதிதேவதைகளையும் நிரல்படக் கூறுமிடத்து ஆர்த்திரைக்கு உருத்திரனைத் தேவதையாக வைக்கின்றது. தைத்திரீயப் பிராமணத்தின் ஓரிடத்தில் இம்மீனுக்கு ஆர்த்திரை என்னும் பெயர் இன்றி, உருத்திரனுடைய கைகள் என்னும் பொருள்படும் பெயர் வந்துள்ளது. இது பெரிதும் நோக்கற்பாலது. என்னை? அரபு நாட்டு வான நூலார் இதற்கு இட்ட பெயர் யத் அல் ஜௌசா என்பது. ஜௌசாவின் கை என்பது அதன் பொருள். அவ்வெழுத்துக்களை இலத்தீனில் பெயர்த்தெழுதினோர் யகரத்துக்குரிய இரு புள்ளிகளை ஒரு புள்ளியாகப் பிறழக் கண்டு பகரமாக வாசித்தமையாலேயே பிடல்கியூஸ் என்னும் உருச்சிதைந்த பெயர் வழக்கில் வந்தது. நம் நிகண்டு நூலாரும் ஆதிரையின் பெயர்களுள் செங்கை என்பதனையும் சேர்த்துள்ளனர். மூன்று வேறு மொழியாளர் ஒரு மீனைக் கை எனவே கண்டனர். இவருள் ஒருவர் மற்றொருவரிடத்துக் கடன் கொண்டார் என்பதற்குச் சான்று வேண்டும். ஓர் ஆளின் உருவினை அம்மீன் கூட்டத்திற் காண்பார் எவர்க்கும் தோளும் கையும் அவ்விடத்தேதான் அமையும் என்பதே எமக்கு இயல்பாகத் தோன்றும் விளக்கம்.

ஆதிரை என்பது இம்மீன்தானா என ஐயுற்றாரும் உளர். அவ்வையத்தை வெறிதே தள்ளுதல் கூடாது. சூரிய சித்தாந்தம் என்னும் கணித நூல் ஆதிரைக்கு ஞாயிற்று வீதியினின்று தெற்கே 9 பாகை விலக்கம் கூறுகின்றது. பிடல்கியூஸ் 16 பாகை விலகி நிற்கின்றது. ஏழு பாகை வேற்றுமை சிறிதன்று. ஆயினும், அந்நூல் சொல்லும் இடத்தில் ஆதிரை எனப் போற்றத்தக்க ஒளிமிக்க மீன் ஒன்றும் இல்லை. ஆதிரை ஒற்றை மீன் என்பது மரபு. மான்றலைக்கும் புனர்பூசத்துக்கும் இடையே ஒற்றையாய், எவர் கண்ணையும் ஈர்ப்பதாய் நிற்பது பிடல்கியூஸ் ஒன்றே. சூரிய சித்தாந்தத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த பர்செஸ் முதலாயினாரும் இதனையே ஆதிரையாகக் கொண்டனர். ஏட்டில் எண் பிறழ்தல் எளிது. மக்கள் கண்ணால் வழிவழியாகக் கண்டுவந்த மீன் பிறழ்தல் அத்துணை எளிதன்று.

தமிழ் நூல்களில் ஆதிரைக்கும் இறைவனுக்கும் உள்ள இயைபு மிகப் பழையது. கலித்தொகையும் பரிபாடலும் சிவபிரானை ஆதிரைக்குரியவனாகச் சுட்டுகின்றன. பரிபாடலின் வையைப் பாட்டு ஒன்றில், மழைக்காலம் ஓய்ந்த பின்னர் மதி நிறைந்த ஆதிரை நாளில் அந்தணர் விழாத் தொடங்குதலும் மகளிர் நீராடி நோன்பாற்றுதலும் சொல்லப்பட்டுள்ளன. மார்கழி ஆதிரையும் பாவை நோன்பும் பிற்காலத்துத் தோன்றியவை அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. திருஞானசம்பந்தர் மயிலைத் திருப்பதிகத்தில் பூம்பாவை காணாது போகும் விழாக்களை எண்ணுமிடத்து ஆதிரை நாளையும் எண்ணினார். திருநாவுக்கரசர் திருவாரூரில் ஆதிரைப் பெருவிழாக் கண்டு திருப்புகலூர் சேர்ந்தபோது, ஆங்கிருந்த சம்பந்தர் அவ்விழாவின் சிறப்பினை வினவ, அரசர் அதனைப் பதிகமாகவே பாடி விடை பகர்ந்தார் எனச் சேக்கிழார் உரைப்பர். நான்காம் திருமுறையுள் உள்ள அப்பதிகம் விழாவின் வருணனை மட்டுமன்று. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு திருக்கோயில் விழா எங்ஙனம் நிகழ்ந்தது என்பதற்கு உடனிருந்து கண்டார் தந்த சான்றுமாம். அக்காலத்து ஆதிரை மீன் இன்றுள்ள இடத்தினின்று ஒரு பாகைக்குச் சிறிது மிகுதியாகத் தெற்கே இருந்தது. ஆரூரில் அது நள்ளிரவில் உச்சியை ஒட்டிச் சென்றதைப் பதிகம் பாடிய அடிகளும் கண்டிருத்தல் கூடும்.

கங்கைகொண்ட சோழன் முதலாம் இராசேந்திரன் பிறந்த நாளும் திருவாதிரையே. அது மார்கழித் திருவாதிரை எனப் பலர் நெடுநாள் எழுதிவந்தனர். திருவாரூர்க் கல்வெட்டில் ஆடித் திருவாதிரை எனக் காணப்பட்டமையால் அக்கூற்று நீங்கிற்று.

மார்கழி ஆதிரை நிறைமதியோடு கூடுவது எற்றுக்கு என்பதனை ஈண்டுக் கூறுதல் வேண்டும். மார்கழியில் ஞாயிறு தனு இராசியில் உள்ளது. நிறைமதி ஞாயிற்றுக்கு நேர் எதிரே நிற்குமாகலின், அது மிதுனத்தில் அமையும். மிதுனத்தின் உள்ளே முழுமையாக அடங்கிய ஒரே நாண்மீன் ஆதிரை. மான்றலையின் பிற்பாதியும் புனர்பூசத்தின் முதல் முக்காலும் அதன் இருபுறமும் நிற்பன. ஆகவே மார்கழியில் மதி ஆதிரையிற் புகும்போது, நிறைமதிக்கு இரண்டு நாளுக்கு மேல் முந்தவும் பிந்தவும் மாட்டாது. இது கற்பனையன்று, எளிய கணக்கே. பிறிதொன்றும் அறியற்பாலது. பஞ்சாங்கம் கூறும் ஆதிரை வானவீதியின் இருபத்தேழில் ஒரு கூறாகிய 13 பாகை 20 கலை. மீன் வேறு, கூறு வேறு. இக்காலத்துப் பெரும்பான்மையோர் கொள்ளும் அயனாம்சப்படி மீனின் இடம் அக்கூறு தொடங்குதற்கு இரண்டு பாகைக்குச் சிறிது குறைவாக முன்னரே வந்துவிடுகின்றது. எனவே மதி ஆதிரை மீனுக்கு நேர் வடக்கே செல்லும் வேளையில் பஞ்சாங்கத்தில் மான்றலையே நடந்துகொண்டிருக்கும். அப்பொழுதும் மதிக்கும் மீனுக்கும் இடையே 10 பாகைக்குக் குறையாத தொலைவு உண்டு. ஆதலின் மதி ஆதிரையை மறைத்தல் ஒருகாலும் நிகழாது.

சிலர் மார்கழித் திருவாதிரையைச் சிவபெருமான் பிறந்த நாள் என எழுதியும் பேசியும் வருகின்றனர். சைவ நூற்பயிற்சி உடையார் இதனைக் கேட்டு வாளாவிருத்தல் தகாது. பிறப்பிலியாகிய முதல்வனுக்குப் பிறந்த நாள் யாண்டையது? ஆதிரை அவன் உவந்த நாள், அவனுக்கு உரித்தாக்கப்பட்ட நாள் என்பதே நூல் வழக்கு. பிறந்த நாண்மீன் எனக் கொண்டார்க்கே அம்மீனின் அழிவு பற்றிய அச்சம் பெரிதாகும் என்பதனையும் உடன் நினைக.

இனி நிறத்தைப் பற்றிய வினா. ஆதிரை செம்மீன், சிவன் செம்மேனியன், ஆகலின் அம்மீன் அவனுக்குரியதாயிற்று என்று கூறுவாருளர். கேட்டற்கு இனிதாயினும், இவ்வுரை வரலாற்றின்முன் நிற்குமா என்பது ஆராயத்தக்கது. கி.மு. 100-ஐ ஒட்டி வாழ்ந்த சீன வரலாற்றாசிரியர் சுமா சியன், கோள்களின் நிறத்தை அறிதற்கு ஒப்பாகச் சில மீன்களைக் குறித்துள்ளார். வெண்மைக்குச் சிரியஸ் என்னும் மீனும், செம்மைக்கு நாம் கேட்டை என வழங்கும் மீனும், நீலத்துக்கு ஒரையனின் ஒரு தோள் மீனும் அவர் காட்டியவை. மஞ்சளுக்கு அவர் காட்டியது மற்றைத் தோள் மீன். அதுவே ஆதிரை. உரோம நாட்டு ஹைஜினஸ் என்பாரும் இம்மீனின் நிறம் சனிக்கோளின் நிறத்தை ஒத்தது என எழுதினார். சனி மஞ்சள் நிறத்தது என்பது அனைவரும் அறிந்ததே. இன்று ஆதிரையையும் கேட்டையையும் ஒப்பிடுவார் இரண்டும் ஏறக்குறைய ஒரு நிறத்தன எனவே காண்பர். ஒன்றற்கொன்று தொடர்பில்லாத இரு நாட்டார் கூற்றையும் வைத்து, ஜெர்மனி நாட்டு ஜீனா பல்கலைக்கழகத்து நாய்ஹாய்சரும் அவர் குழுவினரும் 2022-இல் ஒரு முடிபு கூறினர். ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஆதிரை மஞ்சள் கலந்த நிறத்தது. அதன்பின் மெய்ப்பரப்புக் குளிர்ந்து விரிந்து செந்நிறம் எய்திற்று என்பதே அது. 16-ஆம் நூற்றாண்டில் டைக்கோ பிராகி இம்மீன் உரோகிணியினும் சிவந்தது என எழுதியதும் அவர்க்குச் சான்றாயிற்று.

அற்றேல், 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி இதனைச் செம்மை சார்ந்த மீன்களோடு வைத்து எண்ணினரே எனின், அவர் அவ்வரிசையில் சிரியஸ் என்னும் வெண்மீனையும் வைத்துள்ளார். ஆகவே அவர் சொல் நிறத்தை நுணுகி வரையறுத்த சொல்லாதல் அரிது. நாய்ஹாய்சர் முடிபு ஏற்கப்படுமாயின், வேதகாலத்தார் உருத்திரனுக்கு ஆதிரையை உரித்தாக்கியபோது அம்மீன் செம்மீனாக இருந்ததில்லை. செம்மை காரணமாக உரித்தாயிற்று என்னும் உரை விழும். மழையும் புயலும் உருத்திரனோடு இயைந்தவை; ஆர்த்திரை ஈரத்தின் பெயர். இயைபு நிறத்திலன்றி இப்பெயரிலேயே உளது என்று கொள்வது பொருந்தும். நிகண்டுகளின் செங்கையோ மிகப் பிற்காலத்துப் பெயர். அது நிறம் குறித்ததாயின், மீன் சிவந்தபின் எழுந்த பெயராதலும் கூடும். இதனைத் துணிந்து கூறமாட்டோம்; ஆராய்ச்சியாளர் நோக்குக.

ஆதிரையின் ஒளி ஒரு நிலையில் நில்லாது மாறுவது என்பதனை முதற்கண் எடுத்துரைத்தவர் ஆங்கில நாட்டு ஜான் ஹெர்ஷல். 1836 முதல் அவர் இதனைக் கண்டு 1840-இல் வெளியிட்டார். ஆயினும் இம்மீனின் வரலாற்றில் தலைசிறந்த நாள் 1920-ஆம் ஆண்டு டிசம்பர் 13 ஆகும். மார்கழி பிறத்தற்கு ஓரிரு நாள் முன்னர். அதுகாறும் ஞாயிறு ஒழிந்த எந்த மீனின் பருமையும் அளக்கப்பட்டதில்லை. எத்துணைப் பெரிய தொலைநோக்கியாற் காணினும் மீன் ஒரு புள்ளியே. அமெரிக்காவில் வில்சன் மலைமேல் 100 அங்குல ஆடியுடைய தொலைநோக்கி இருந்தது. மைக்கல்சன் என்னும் பௌதிக நூலார் வகுத்த முறைப்படி, அதன் வாயில் 20 அடி நீளமுள்ள இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் நான்கு சிறு ஆடிகளை அமைத்தனர். புறத்தேயுள்ள இரண்டு ஆடிகளும் ஒரு மீனின் ஒளியை இரண்டிடத்திற் பெற்று உள்ளே செலுத்த, இரண்டும் கூடுமிடத்தில் ஒளியும் இருளும் மாறிமாறி வரிகளாகத் தோன்றும். மீன் வெறும் புள்ளியாயின் ஆடிகளை எத்துணை அகற்றினும் வரிகள் இருக்கும்; சிறிது அகலமுடையதாயின், ஓரளவில் வரிகள் மறையும். மறையும் அளவைக் கொண்டு மீனின் அகலத்தைக் கணித்தறியலாம். பீஸ் என்பாரும் ஆண்டர்சன் என்பாரும் அன்றிரவு ஆதிரையை நோக்கி ஆடிகளைச் சிறிது சிறிதாக அகற்ற, 121 அங்குல இடைவெளியில் வரிகள் மறைந்தன. அதினின்று பெற்ற அகலம் ஒரு விகலையின் ஆயிரத்தில் 47 பங்கு. முழுமதி வட்டத்தின் அகலத்தில் நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு என்க. உலகத்தார் அளந்த முதல் விண்மீன் நம் ஆதிரையே.

அகலக் கோணம் கிட்டியபின் மெய்ப்பருமை காண்பதற்குத் தொலைவு வேண்டும். ஆண்டுதான் இடர். தொலைவு 180 ஒளியாண்டு எனக் கொண்டு அக்காலத்தார் விட்டம் 38 கோடி கிலோமீட்டர் என்றனர். 1997-இல் வெளிவந்த ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளின் அளவை ஏறக்குறைய 430 ஒளியாண்டு என்றது. 2008-இல் 640 என்றும், 2017-இல் 724 என்றும், 2020-இல் 548 என்றும் வெவ்வேறு முறைகளால் முடிபுகள் வந்தன. இத்துணை வேற்றுமைக்குக் காரணம் உண்டு. இம்மீன் தன் தொலைவினால் உண்டாகும் இடப்பெயர்ச்சியினும் தான் அகன்று தோன்றுதல் மிகுதி. அதன் பரப்பும் கொதிநீர்போல் பொங்கி ஒளிமிக்க இடம் மாறிக்கொண்டே இருப்பது. ஆதலின் அதன் நடுவை உறுதிப்படுத்துதல் அரிதாயிற்று. 548 என்னும் அளவைக் கொள்வாமாயின், ஞாயிற்றினும் 764 மடங்கு அகன்றது ஆதிரை. விட்டம் 106 கோடி கிலோமீட்டர். ஞாயிறு இருக்குமிடத்து இதனை வைப்பின், புதன், வெள்ளி, நம் நிலவுலகு, செவ்வாய் ஆகிய நான்கும் அதன் வயிற்றுள் அடங்கும். வியாழன் மட்டும் புறத்தே நிற்கும். இத்துணைப் பெருமையும் எடையில் இல்லை. ஞாயிற்றினும் 14 முதல் 19 மடங்கு எடையே இதற்குக் கூறுவர். அவ்வெடை அப்பெருவெளியிற் பரந்திருத்தலால் நாம் உயிர்க்கும் வளியினும் பல்லாயிரம் மடங்கு நொய்ய பொருளால் ஆயது இதன் உடல். மேற்பரப்பின் வெம்மை 3,600 கெல்வின் அளவே. ஞாயிற்றின் வெம்மை 5,770. வெம்மை குறைந்தும் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு மிக்கது பரப்பின் பெருமையால் என்க. இதன் வயது ஒரு கோடி ஆண்டுக்கு உட்பட்டது. ஞாயிற்றின் 460 கோடி ஆண்டோடு நோக்க இது பிள்ளை. ஆயினும் பெருமீன்கள் தம் எரிபொருளை விரைந்து செலவழிப்பனவாகலின், இப்பிள்ளை முதுமை எய்திவிட்டது.

2019-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆதிரை மங்கத் தொடங்கிற்று. 400 நாட்களை ஒட்டிய ஒரு முறையிலும், 2,100 நாட்களை ஒட்டிய மற்றொரு முறையிலும் அதன் ஒளி ஏறியிறங்குதல் இயல்பே. ஆனால் இம்முறை இறக்கம் நில்லாது சென்றது. 2020 சனவரி 10-ஆம் நாள் மார்கழித் திருவாதிரை. தில்லையில் தரிசனம் நிகழ்ந்த அந்நாளிரவில் நிறைமதிக்குத் தெற்கே நின்ற ஆதிரை, தன் வழக்கமான ஒளியிற் பாதியும் இன்றி நின்றது. பிப்ரவரியில் மூன்றிலொரு பங்களவாயிற்று. விசும்பின் முதற்பத்து மீன்களுள் ஒன்றாக இருந்தது இருபதுக்கும் பிற்பட்டது. வெடித்தல் அணித்து என்றார் பலர். பின்னர் மெல்லத் தெளிந்து, ஏப்ரல் இறுதியளவில் பழைய ஒளி பெற்றது. நிகழ்ந்தது யாது? ஹப்பிள் தொலைநோக்கியால் ஆராய்ந்தோர், மீனின் தென்பாகத்தினின்று பெருந்திரளான வாயு வெளியே வீசப்பட்டமை கண்டனர். சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியால் அதன் முகத்தையே படமெடுத்த மொந்தார்ஜே முதலாயினார், தென்பாதி மட்டும் இருண்டிருத்தலைக் காட்டி, வீசப்பட்ட வாயு குளிர்ந்து தூளாகி மீன் முகத்தைத் திரையிட்டதாக 2021-இல் எழுதினர். மீன் அழிந்ததில்லை; தானே உமிழ்ந்த தூளால் மறைப்புண்டது.

ஒளியின் செலவையும் நினைத்தல் வேண்டும். 2020-இல் நாம் கண்ட மங்கல் அன்று நிகழ்ந்ததன்று. தொலைவு 548 ஒளியாண்டாயின் அது 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விசயநகரத்தார் காலத்து நிகழ்ந்தது. 724 ஆயின், 1296-ஐ ஒட்டி. உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணம் இயற்றிய 1313-ஆம் ஆண்டுக்கும் முற்பட்டது. அவர் வாழ்நாளில் அங்குத் திரை விழுந்திருந்தும் தில்லையில் நின்ற அவர் கண்டது அதற்கும் பன்னூறு ஆண்டு முந்திய ஒளியேயாம்.

ஆதிரை ஒருநாள் வெடிக்கும் என்பதில் வான நூலார்க்குள் மாறுபாடில்லை. என்று என்பதிலேயே மாறுபாடு. 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சி, அம்மீன் தன் நடுவில் ஹீலியத்தை எரித்துக்கொண்டிருக்கின்றது, ஒரு லட்சம் ஆண்டு இன்னும் உண்டு என்றது. 2023-இல் சிலர் அது கரியை எரிக்கும் இறுதி நிலையில் உளது, சில பத்தாண்டுகளே எஞ்சும் என்றனர். அதற்கு அவர் கொண்ட பருமை நேரில் அளந்த பருமைக்கு ஒவ்வாது எனப் பிறர் மறுத்தனர். மறுத்தார் கூற்றே வலியுடைத்து. எரிபொருள் தீர்ந்து நடுவில் இரும்பு திரண்டு, அவ்விரும்பின் எடை ஞாயிற்றினும் ஏறக்குறைய 1.4 மடங்கைக் கடக்குங்கால், அது தன் பொறையைத் தானே தாங்கலாற்றாது நொடிப்பொழுதில் உள்வீழும். அவ்வெல்லைக்குச் சந்திரசேகர் எல்லை என்பது பெயர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1930-இல் பத்தொன்பது வயதில் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர் அக்கடற்செலவின்போது கணித்ததன்பின் அவர் பெயரால் வழங்குவது அது. சிவபிரான் திருநாண்மீனின் முடிவை வரையறுக்கும் எண்ணுக்குத் தமிழர் ஒருவர் பெயர் அமைந்திருத்தல் வியக்கத்தக்கதே.

வெடிக்குங்கால் உலகிற்குத் தீங்கு வருமோ எனின், வாராது. அத்தொலைவு போதிய காவல். பகலிலும் காணலாம்படி, பாதிமதியின் ஒளியோடு சில திங்கள் திகழும். இதற்கு முன்னோடி உண்டு. 1054 சூலை மாதத்தில் இடப இராசியின் கொம்பருகே புதுமீன் ஒன்று தோன்றி, இருபத்துமூன்று நாள் பகலிலும் புலப்பட்டதாகச் சீனர் எழுதிவைத்தனர். இராசேந்திரன் மைந்தன் இராசாதிராசன் கொப்பத்துப் போரில் யானைமேல் துஞ்சிய ஆண்டும் அதுவே. அதன் எச்சமாகிய நண்டு வடிவ வாயுப்படலம் ஏறக்குறைய 6,500 ஒளியாண்டுத் தொலைவிலுளது. ஆதிரையோ அதிற் பத்தில் ஒரு பங்களவில்.

அங்ஙனமாயின் ஆதிரை நாள் என்னாம் என்பாரை நோக்கிக் கூறுவது இது. நாளைக் கணிப்பது மதியின் செலவைக் கொண்டு வானவீதியின் கூற்றினால். மீன் மறையினும் கூறு மறையாது. அஃதன்றியும், தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒருவன் வேண்டும் என்று தொடங்குவது மெய்கண்டார் நூல். அவ்வுலகத்துள் மீனும் அடங்கும். ஒடுக்கத்தைச் செய்வானுக்கு உரித்தாக்கிய மீன் ஒடுங்குதல் கண்டு மருளவேண்டிய சைவன் யாவன்?

அண்மையில் வந்த ஒரு செய்தியும் உண்டு. 2,100 நாள் முறையான மாற்றத்துக்குக் காரணம் ஆதிரையைச் சுற்றிவரும் துணைமீன் ஒன்றாகலாம் என 2024-இல் இரு குழுவினர் கணித்துரைத்தனர். ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி தொலைநோக்கியால் ஹோவெல் என்பாரும் உடனுழைத்தோரும் 2024 டிசம்பரில் நோக்கி, அத்துணையைக் கண்டதாக 2025 சூலையில் அறிவித்தனர். ஞாயிற்றினும் ஒன்றரை மடங்கு எடையுடையதாய், ஆதிரையின் அகன்ற புறவளிக்குள்ளேயே அது சுழல்கின்றதாம். ஜௌசாவின் கைக்குத் துணையாதலின், அவள் வளை என்னும் பொருளுடைய சிவார்ஹா என்னும் அரபுப் பெயரை அதற்கு இட்டனர். கிடைத்த சான்று இன்னும் நொய்யது. கண்டவர்களே அதனை ஒப்புகின்றனர். துணைமீன் ஆதிரையினின்று மீண்டும் நன்கு அகன்று நிற்பது 2027 நவம்பரில், அவ்வாண்டு மார்கழிக்குச் சிறிது முன்னர். அன்று மறுபடியும் நோக்க வான நூலார் காத்திருக்கின்றனர்.